தம்பிக்குப் போட்ட மனு: 2006 முதல் 2025 வரை

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கையோடு, ஊரில் இருக்கும் அண்ணனுக்கோ தங்கைக்கோ மனு போடலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அவர்கள் பிள்ளைகளுக்கு இப்போது என்ன வயது? கேட்பவர்கள் கொஞ்சம் விழிப்பார்கள். விசா அண்ணனுக்குத்தானே, பிள்ளைகளின் வயது எதற்கு என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் தம்பிக்காக 2006 பிப்ரவரியில் நியூ ஜெர்சியிலிருந்து ஐ-130 என்ற உறவினர் மனுவை அனுப்பினேன். அன்றைய கட்டணம் 190 டாலர். இன்று அதே மனுவை இணையத்தில் போட்டால் 625, தாளில் போட்டால் 675. அப்போது தம்பிக்கு முப்பத்து மூன்று வயது. கும்பகோணத்தில் மின்சாதனக் கடை வைத்திருந்தான். மகளுக்கு நான்கரை வயது, மகன் பிறக்கவில்லை. விசா முத்திரை விழுந்தது 2025இல். தம்பிக்கு வயது ஐம்பத்திரண்டு.

இதற்கு எஃப்4 பிரிவு என்று பெயர். இருபத்தொரு வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே உடன்பிறந்தவர்களுக்கு மனு போடலாம்; கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அந்த வழி இல்லை. ஆண்டுக்கு 65,000 விசா என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிக்கை வைத்தது, இன்றுவரை அதே எண்தான். இதில் பலரும் கவனிக்காதது, தம்பியின் மனைவியும் பிள்ளைகளும் இந்த 65,000க்குள்ளேயே வருகிறார்கள் என்பது. ஒரு மனுவுக்கு மூன்று, நான்கு விசா போய்விடும். அதோடு எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பும் உண்டு. ஆகவே கணக்குப்படி இந்தியாவின் பங்கு ஏறத்தாழ நான்காயிரத்து ஐந்நூறு. உலகம் முழுவதும் இந்தப் பிரிவில் காத்திருப்பவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மனு போட்ட ஆண்டில், பதினோரு பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பு போட்டவர்களுக்கு விசா கிடைத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் 'பத்துப் பன்னிரண்டு வருடம்' என்று சொன்னார்கள். அது முன்னால் நின்றவர்கள் காத்த காலம். அவர்களுக்கும் நமக்கும் நடுவே வரிசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது அந்தத் தேதியில் தெரியாது. எந்தத் தேதி வரை மனு போட்டவர்களுக்கு விசா என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் விசா புல்லட்டினில் வெளியிடுகிறது. அதில் தேதி ஓர் ஆண்டு நகர, நம் வீட்டு நாள்காட்டியில் ஒன்றரை ஆண்டும் ஆகும், இரண்டும் ஆகும். சில மாதங்களில் தேதி பின்னாலும் போகும். 2020 ஏப்ரலில் இந்தப் பிரிவையே பிரகடனம் போட்டு நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்தக் காலத்தில் செலவாகாத குடும்ப விசாக்கள் நமக்காகச் சேமிப்பில் இருக்கவில்லை. சட்டப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை அடுத்த நிதியாண்டில் வேலைவாய்ப்புப் பிரிவுக்குப் போய்விட்டன. 2025இல் இந்தியாவின் எஃப்4 தேதி 2006இல் நின்றது. இன்று மனு போடுகிறவர் இருபது ஆண்டு என்று நினைத்தால் அது நம்பிக்கைக் கணக்கு.

இனி பிள்ளைகளின் வயதுக்கு வருகிறேன்.

தம்பியோடு விசா பெறத் தகுதியான பிள்ளை, திருமணம் ஆகாத, இருபத்தொரு வயது நிறையாத பிள்ளை. மனு போடும்போது பிறக்காத பிள்ளையும் சேரும், பிறகு கட்டிய மனைவியும் சேருவாள். புதிய மனு தேவையில்லை. என் மருமகன், அதாவது தம்பியின் மகன், அப்படித்தான் வந்தான், 2006 இறுதியில் பிறந்தவன். ஆனால் இருபத்தொன்று தாண்டிய பிள்ளை விழுந்துவிடும். இதைக் கொஞ்சம் தணிக்க 2002இல் சிறார் நிலைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கணக்கு இதுதான்: விசா எண் கிடைக்கும் நாளில், அதாவது புல்லட்டின் தேதி நம் மனுத் தேதியைத் தொடும்போது, பிள்ளையின் வயது என்ன என்று பார்க்க வேண்டும். அதிலிருந்து, மனு போட்ட நாள் முதல் அது அங்கீகரிக்கப்பட்ட நாள் வரை கிடந்த காலத்தைக் கழிக்க வேண்டும். மிச்சம் இருபத்தொன்றுக்குள் இருந்தால் பிள்ளை உள்ளே.

மனுவைக் குடிவரவுத் துறை எவ்வளவு காலம் கிடப்பில் போடுகிறதோ அவ்வளவுக்குப் பிள்ளைக்கு நல்லது என்பது இதன் விசித்திரம். வரிசையில் நிற்கும் மீதிக் காலம், அதாவது பதினைந்து பதினேழு ஆண்டுகள், கழிவுக் கணக்கில் வரவே வராது. எங்கள் மனுவுக்கு 2007 இறுதியிலேயே அங்கீகாரம் வந்துவிட்டது. வீட்டில் பாயசம் வைத்தோம். 2024இன் பிற்பகுதியில் எங்கள் தேதி வந்தபோது மருமகளுக்கு, தம்பியின் மகளுக்கு, இருபத்து மூன்று வயது முடிந்து சில வாரங்கள். கிடப்பில் கிடந்தது இரண்டு ஆண்டுகூட இல்லை. கழித்தால் இருபத்தொன்றும் சில மாதங்களும் நின்றது. அங்கீகாரம் 2008 கோடை வரை இழுத்திருந்தால் அவளும் விமானம் ஏறியிருப்பாள். தம்பியின் நண்பர் ஒருவர் எங்களுக்குப் பிறகு போட்ட மனு நான்கு ஆண்டுகளுக்கும் மேல் தூங்கியது. அப்போது அவருக்காக நாங்கள் பரிதாபப்பட்டோம். இப்போது அவர் மகனுக்கு அந்த நான்கு ஆண்டும் கழிகிறது.

ஆகவே உடன்பிறந்தவரின் பிள்ளை இன்று கைக்குழந்தையாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்காக மனு போடுகிறோம் என்று எண்ண வேண்டாம். இதை நான் கடுமையாகத்தான் சொல்கிறேன். 'பிள்ளைகள் அங்கே வந்து படிக்கட்டும்' என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நடைமுறையில் ஐம்பது வயதைத் தாண்டிய கணவன் மனைவிக்கு விசா வரும், பிள்ளை ஊரில் நிற்கும். அந்த ஐம்பது வயதில் ஊரில் நடக்கும் தொழிலை மூடிவிட்டு இங்கே வந்து மணிக்கூலிக்கு நிற்பார்களா என்பதை அன்றே கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்டாலும் பதில் தெரியாது என்பது வேறு.

தப்பி விழுந்த பிள்ளைக்குப் பெற்றோரின் பழைய முன்னுரிமைத் தேதி, அதாவது மனு போட்ட தேதி, கிடைக்குமா என்று பல குடும்பங்கள் நீதிமன்றம் போய்ப் பார்த்தன. 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எஃப்4 போன்ற வழிகளில் சேர்ந்து வரும் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது என்ற அரசின் நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. ஆகவே பெற்றோர் இங்கே இறங்கிக் கிரீன் கார்டு பெற்ற பிறகு புதிதாக மனு போட வேண்டும். புதிய தேதி, புதிய வரிசை. கிரீன் கார்டு உள்ளவர்களின் இருபத்தொன்று தாண்டிய, திருமணமாகாத பிள்ளைகளுக்கான அந்த எஃப்2பி வரிசை இப்போது எட்டு ஒன்பது ஆண்டு. அதற்குள் பெற்றோர் குடியுரிமை பெறும் முன் அந்தப் பெண்ணுக்குத் திருமணம் நடந்தால் அந்த மனு செத்தது.

எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. விசா எண் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பிள்ளையின் பெயரில் டிஎஸ்-260 என்ற குடிவரவு விசா விண்ணப்பம் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் கழிவுக் கணக்கில் தப்பிய பிள்ளையும் தவறிவிடும். 2015 அக்டோபர் முதல் புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் வருகின்றன: ஒன்று ஆவணங்களை அனுப்பத் தொடங்கும் தேதி, மற்றது விசா கொடுக்கும் தேதி. முதலாவதில் உங்கள் தேதி வந்தவுடன் எல்லாவற்றையும் தயார் செய்துகொள்ளுங்கள். இரண்டாவது வரும்போது ஓட ஆரம்பித்தால் மூச்சு வாங்கும்.

ஆவணம் என்றால் இங்கே சொல்ல நிறைய இருக்கிறது.

நீங்களும் தம்பியும் ஒரே தாய்க்கோ தந்தைக்கோ பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். சுலபம்போலத் தெரிகிறது. நான் 1968இல் வலங்கைமான் பக்கத்தில் பாட்டி வீட்டில் பிறந்தவள். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1970 ஏப்ரலில். என் பிறப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தம்பி 1972இல் பிறந்தவன், அவனுக்குப் பதிவு உண்டு. தாலுகா அலுவலகத்தில் எடுத்த நகலை இப்போதும் வைத்திருக்கிறேன். பழுப்புத் தாளில் ஊதா மை. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. பக்கத்தில் 'ஆண்' என்று மட்டும். அப்பா பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டியிருக்கிறது. என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அப்பாவுக்கு அந்தப் பட்டம் கிடையாது. தம்பியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக ஏறி, எழுத்துக் கூட்டலும் வேறு. அமெரிக்க அதிகாரி ஒருவர் இந்த மூன்று தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மூன்று வெவ்வேறு அப்பாக்கள்.

எனக்குப் பிறப்புப் பதிவு இல்லை என்ற சான்றிதழை வாங்கினோம். அதோடு பள்ளிச் சான்று, என் பிறப்பை நேரில் அறிந்தவர்களின் வாக்குமூலம். என் அத்தை அப்போது இருந்தார். நான் பிறந்த வீடு, நாள், பெற்றோர் பெயர், தமக்கு எப்படித் தெரியும் என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார். அப்பாவின் இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று தனியாக ஒரு வாக்குமூலம். தம்பியின் பிறப்புச் சான்றிதழில் பெயரை ஏற்றினோம். இதையெல்லாம் 2006இலேயே செய்ததால்தான் பிழைத்தோம். அத்தை 2013இல் போய்விட்டார், நோட்டரியும் இல்லை. இன்று அந்த வாக்குமூலம் கொடுக்க எங்கள் குடும்பத்தில் ஒருவரும் உயிரோடு இல்லை. மனு போடுகிறீர்களோ இல்லையோ, வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே இந்தத் தாள்களை எழுதி வாங்கிவிடுங்கள். அசலை உறையில் போட்டு, நகலைத் தம்பி வீட்டிலும் ஒன்று வையுங்கள்.

திருமணச் சான்றிதழும் அப்படித்தான். தம்பி திருமணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் எல்லோருக்கும் பதிவு கட்டாயமானது. அதற்கு முன் கட்டியவர்கள் அழைப்பிதழ், மண்டபத்துப் புகைப்படம், சாட்சிகளோடு பதிவாளர் அலுவலகம் போனால் பதிவு செய்து தருவார்கள். இருபது ஆண்டு இருக்கிறதே என்று தள்ளிப்போட்டால் அழைப்பிதழைக் கரையான் அரித்திருக்கும்.

காத்திருக்கும் காலத்தில் மனுவை பீரோவில் கிடக்கும் எல்.ஐ.சி. பத்திரம் போல வைத்துக்கொள்வதே நல்லது. முதிர்ந்தால் பணம், அதை நம்பி இன்றைக்கு அரிசி வாங்க முடியாது. தம்பி 2010 வாக்கில் கடையை விரிவுபடுத்த வந்த நல்ல வாய்ப்பை, 'எப்படியும் போகப் போகிறோமே' என்று விடப் பார்த்தான். தொலைபேசியில் நான் கத்திய கத்தலில் விரிவுபடுத்தினான். அந்தக் கடையில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள்.

சுற்றுலா விசாவும் இந்தக் காலத்தில்தான் இடிக்கும். அந்த விண்ணப்பத்தில் 'உங்களுக்காக யாராவது குடிவரவு மனு போட்டிருக்கிறார்களா' என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்றுதான் எழுத வேண்டும். பொய் சொன்னால் பின்னால் எஃப்4 விசாவே போய்விடும். எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தம்பி விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். பிறகு கடை வளர்ந்து, வருமான வரிக் கணக்கெல்லாம் சேர்ந்த பின் கிடைத்தது. மனு இருக்கிறது என்பதாலேயே மறுக்க வேண்டும் என்று விதி இல்லை. ஊருக்குத் திரும்பிப் போவதற்கு வலுவான காரணம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

பணம் கொடுத்தால் தேதியை முன்னால் நகர்த்தித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்டுகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இந்தப் பிரிவில் விரைவுக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. நகர்த்த முடிகிற ஒரே இடம் பிறந்த நாடு. வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது; கணவன் மனைவி இருவரில் யாருடைய நாடு சாதகமோ அதைப் பயன்படுத்தலாம். எங்களுக்குத் தெரிந்த கோத்தகிரிக் குடும்பம் ஒன்றில் மனைவி பிறந்தது இலங்கையின் மலையகத்தில். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் சிறு வயதில் பெற்றோரோடு இந்தியா வந்தவர், இந்தியப் பாஸ்போர்ட். ஆனால் இந்தக் கணக்கில் அவர் இலங்கையில் பிறந்தவர். இலங்கைக்குத் தனி வரிசை இல்லை, பொது வரிசைதான். அதன் தேதி இந்தியாவின் தேதிக்கு ஓர் ஆண்டுக்கு மேல் முன்னால் நிற்கிறது. அந்தத் தேதி நகரும் வேகத்தைப் பார்த்தால், கையில் மிச்சமாவது அதைவிடக் கூடுதல். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களுக்கும் இதே வழி உண்டு. பிறப்புச் சான்று கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் பலர் இந்திய வரிசையிலேயே நிற்கிறார்கள்.

இன்னொன்று: உங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் அமெரிக்கக் குடிமக்கள் என்றால் இருவரும் ஒரே தம்பிக்குத் தனித்தனியாக மனு போடலாம். தடை இல்லை. மனு போட்டவர் இறந்தால் மனு தானாக ரத்தாகிறது. மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கக் கேட்கலாம், கொடுப்பது அவர்கள் விருப்பம். இருபது ஆண்டில் அறுபதைத் தொடுகிறவர்கள் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. தம்பி மனைவிக்கு இங்கே அண்ணன் இருந்தால் அவர் வழியிலும் ஒரு மனு போட்டு வைக்கலாம்.

அங்கீகாரம் பெற்ற மனு நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள தேசிய விசா மையத்தில் கிடக்கும். 2006இல் எழுதிய முகவரியிலும் மின்னஞ்சலிலும் 2024இல் நீங்கள் இருக்கமாட்டீர்கள். வீடு மாறும்போதெல்லாம் அந்த மையத்துக்கு இணைய வழியில் தெரிவித்து, வரும் பதிலைச் சேமியுங்கள். அவர்கள் அழைப்பு அனுப்பி ஓராண்டுக்குள் நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம்.

அழைப்பு வந்த பிறகு வேலை வேகமாக நடக்கும். விசாக் கட்டணம் ஆளுக்கு 325 டாலர், வருகிறவர்களை நாங்கள் தாங்குவோம் என்று எழுதிக் கொடுக்கும் ஆதரவுப் பத்திரத்துக்கு 120, விசா கிடைத்த பின் கிரீன் கார்டு அச்சடிக்க ஆளுக்கு 235. பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகக் காவல்துறைச் சான்று. அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மருத்துவப் பரிசோதனை. விசாவின் ஆயுள் பெரும்பாலும் அந்தப் பரிசோதனையிலிருந்து ஆறு மாதம், ஆகவே கடையை மூடவும் வீட்டை வாடகைக்கு விடவும் அதற்குள் திட்டம் வேண்டும். நேர்காணல் மும்பையில். நான் யார், எங்கே இருக்கிறேன், கடைசியாக எப்போது பார்த்தார்கள், அங்கே போய் என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டுப் புகைப்படங்களை ஆல்பம் ஆல்பமாகத் தூக்கிக்கொண்டு போன தம்பி, யாரும் அதைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை என்று குறைப்பட்டான். பழைய வாக்குமூலங்களைத்தான் அதிகாரி நிதானமாகப் படித்தாராம்.

ஆதரவுப் பத்திரம் நான் எதிர்பார்த்ததைவிடக் கனமானது. வறுமைக் கோட்டின் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். எங்கள் இருவரோடு தம்பி குடும்பம் மூவர், ஆக ஐந்து பேருக்கு 2025இல் அது 47,000 டாலருக்குச் சற்று மேல். மனு போட்டபோது நாங்கள் இருவரும் முழு நேர வேலையில் இருந்தோம். தேதி வந்தபோது என் கணவர் ஓய்வு பெற்றிருந்தார், நான் வாரத்தில் மூன்று நாள் வேலை. என் மகள் கூட்டு ஆதரவாளராகக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பொறுப்பு தம்பி குடியுரிமை பெறும் வரையோ, நாற்பது காலாண்டு வேலைக் கணக்கு சேரும் வரையோ நீடிக்கும். மகளிடம் இதை முழுதாக விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். மாமாதானே என்று வாங்கக்கூடிய கையெழுத்து இல்லை அது.

சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கும் அந்த நாற்பது காலாண்டுதான் கணக்கு. ஐம்பத்திரண்டில் இறங்கிய தம்பிக்கு அது அறுபத்திரண்டில் முடியும். இப்போது எடிசனில் ஒரு மின்சாதனக் கிடங்கில் வேலை பார்க்கிறான். மருமகன் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். தம்பி மனைவிக்கு இங்கே குளிர் பிடிக்கவில்லை, மகள் இல்லாத வீடும் பிடிக்கவில்லை. ஊருக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்குவதாக இருந்தால் மறுநுழைவு அனுமதிக்கு இங்கே இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். பெண் கல்யாணத்துக்காக அவள் அதைப் போட்டுவைத்திருக்கிறாள்.

மருமகள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். அவளுக்காக எஃப்2பி மனுவை உடனே போட வேண்டும் என்று தம்பி படிவத்தையெல்லாம் நிரப்பி, கையெழுத்துக்கு முன் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டான். எட்டு ஒன்பது ஆண்டு திருமணம் செய்யாமல் இருந்தால்தான் அது செல்லும் என்று நான் சேர்த்துச் சொன்னேன். "வேண்டாம் அத்தை, அந்த 625 டாலரை என் பெயரில் நகைச்சீட்டில் போடச் சொல்லுங்கள்" என்றாள்.